டர்போ காருக்கு ரீமேப்: அப்படியே விடுவதா, பாக்ஸா, ஸ்டேஜ் 1-ஆ, ஸ்டேஜ் 2-ஆ?

"வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் லேப்டாப்பைச் சொருகி ஒரு மணி நேரத்தில் முப்பது நாற்பது குதிரைத்திறன் கூட்டித் தருகிறார்களாமே, செய்யலாமா?" டர்போ கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரீமேப் செய்வதா, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்தி எழுதுவதா, இல்லை சென்சாருக்கும் அந்தக் கணினிக்கும் நடுவில் மாட்டும் விலை குறைவான டியூனிங் பாக்ஸை வைத்துச் சமாளிப்பதா என்பதும் கூடவே வரும். கேட்பவர்கள் எஞ்சினைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கியர்பாக்ஸ் எது, எந்தப் பெட்ரோல் ஊற்றுகிறார்கள், வாரண்டி எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பதில் பெரும்பாலும் அந்த மூன்றிலேயே இருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலான கார்களில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வரம்பு வருவதற்கு முன்னாலேயே கிளட்ச் வழுக்கும், கியர்பாக்ஸ் திணறும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிக் கைவிடும். ஆகவே "மொத்தம் எத்தனை எச்பி வரும்" என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான வழிக்குத்தான் போகிறார்கள்.

## மேப்பில் மாறுவது என்ன

இன்றைய டர்போ காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கணினியான இசியு அதை "இவ்வளவு டார்க் (முறுக்கு விசை) வேண்டும்" என்ற கோரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. அந்த டார்க்குக்கு எவ்வளவு காற்று, அதற்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், எரிபொருள் எவ்வளவு, தீப்பொறி எத்தனை டிகிரி முன்னால் என்று அட்டவணைகளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. நடுவில் வரம்புகளும் இருக்கும்: எஞ்சினுக்கு ஒரு டார்க் வரம்பு, கியர்பாக்ஸுக்கு ஒன்று, சில கார்களில் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாக, எக்ஸாஸ்ட் வெப்பத்துக்கு ஒன்று. இந்த அட்டவணைகளும் வரம்புகளும் சேர்ந்ததுதான் மேப்; அதைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப்.

டர்போ இல்லாத எஞ்சினில் உள்ளே போகும் காற்றை மென்பொருளால் பெரிதாகக் கூட்ட முடியாது. அங்கே ஐந்து பத்து சதவீதம் தேறினாலே அதிகம். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். டர்போ எஞ்சினில் காற்றின் அளவே மென்பொருளின் பிடியில் இருக்கிறது. அதனால்தான் வேறு எதையும் மாற்றாமலே பெட்ரோலிலும் டீசலிலும் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது.

அப்படியானால் கம்பெனி ஏன் அதை விட்டு வைத்தது? மட்டமான எரிபொருள், மலை உச்சி, பாலைவன வெயில், இரண்டு சர்வீஸைத் தவறவிட்ட உரிமையாளர் என்று எல்லாவற்றையும் ஒரே மேப் தாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இன்னொன்று. ஒரே எஞ்சினை மூன்று விலையில் விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் உண்டு. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் டியூனர்கள், அதாவது ரீமேப் செய்து தருபவர்கள், விரும்பிச் சொல்வார்கள்: "மேல் மாடலும் இதே எஞ்சின்தான் சார், சாஃப்ட்வேர் மட்டும்தான் வேறு." இதை அப்படியே நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூவின் பி48 இரண்டு லிட்டர் எஞ்சின் 184 பிஎஸ் (எச்பி மாதிரியே குதிரைத்திறன் அளவு) உள்ள 320ஐ-யிலும் வருகிறது, 258 பிஎஸ் உள்ள 330ஐ-யிலும் வருகிறது. ஆனால் முன்னதன் கம்ப்ரெஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 11:1, பின்னதன் விகிதம் 10.2:1. அதாவது உள்ளே பிஸ்டனே வேறு. கம்ப்ரெஷன் கூடிய எஞ்சினில் டர்போ அழுத்தத்தை ஏற்றினால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது, சீக்கிரம் வரும். போக்ஸ்வேகன் கோல்ஃப் ஏழாம் தலைமுறையில் ஜிடிஐ-க்கும் ஆர்-க்கும் ஒரே இஏ888 குடும்ப எஞ்சின்தான், ஆனால் டர்போ வேறு. ஜிடிஐ-யில் இருப்பது சின்னது. மென்பொருளால் சின்ன டர்போவைப் பெரிதாக்க முடியாது.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

### கூடும் டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது

இதுதான் முதல் அளவுகோல். சக்தி என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் வருவது. நியூட்டன் மீட்டர் கணக்கில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். 250 என்எம் 1,750-ல் வந்தால் 62 பிஎஸ்தான். அதே 250 என்எம் 5,000-ல் வந்தால் 178 பிஎஸ். இரண்டிலும் சிலிண்டருக்குள் விழும் அடி கிட்டத்தட்ட ஒன்றே. சொல்லப்போனால் கீழ் ஆர்பிஎம்மில் பிஸ்டன் மெதுவாக நகர்வதால் அழுத்தமும் சூடும் கூடுதல் நேரம் நீடிக்கின்றன. கனெக்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் கிளட்சுக்கும் கெட்ட இடம் அதுதான்.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் (நேரடி ஊசி முறை) சிறிய டர்போ எஞ்சின்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் கனமான லோடு கொடுத்தால், தீப்பொறி வருவதற்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். எல்எஸ்பிஐ என்று அழைக்கப்படும் இது ஒரே அடியில் பிஸ்டன் ரிங் இடத்தை உடைக்கக் கூடியது. இதற்காகவே 2018-ல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் என்ற எஞ்சின் எண்ணெய்த் தரமும், 2020-ல் எஸ்பி தரமும் வந்தன. ரீமேப் செய்த காரில் எண்ணெய் டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

இப்போது ஒரு சிக்கல். 1,800-லேயே டார்க்கை உச்சிக்குத் தூக்கிவிடும் மேப்பை ஓட்டிப் பார்த்தால் முதுகு சீட்டோடு ஒட்டும். காசு கொடுத்தவருக்கு உடனே திருப்தி. கீழே மெதுவாக ஏற்றி, 2,500-க்கு மேல் முழு டார்க்கையும் கொடுத்து, 5,500 வரை தளராமல் கொண்டுபோகும் மேப் அந்த முதல் ஓட்டத்தில் அவ்வளவு அசத்தாது. நீண்ட நாள் பயன்பாட்டுக்கு இரண்டாவதுதான் நல்ல மேப். முதல் ஓட்டத்தில் கிடைக்கும் கிக்கை வைத்து டியூனரை மதிப்பிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

### கியர்பாக்ஸும் கிளட்சும்

உங்கள் கியர்பாக்ஸின் பெயரைக் கண்டுபிடியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். போக்ஸ்வேகன் குழுமத்தின் டிஎஸ்ஜி எனப்படும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிக்யூ200, 250 என்எம் வரைக்கும்தான். அந்தக் கியர்பாக்ஸோடு வரும் 1.4 டிஎஸ்ஐ 150 பிஎஸ் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 என்எம் தருகிறது. காகிதத்தில் பார்த்தால் மிச்சம் என்று எதுவும் இல்லை. எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிக்யூ250-யின் வரம்பு 350 என்எம். ஈர கிளட்ச் என்பதாலும் கிளட்ச் அழுத்தத்தை மென்பொருளால் கூட்ட முடியும் என்பதாலும் நடைமுறையில் இதற்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. இசட்எஃப் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் பெயரிலேயே எண் இருக்கிறது: 8எச்பி45 என்றால் சுமார் 450 என்எம், 8எச்பி70 என்றால் 700.

சில டியூனர்கள் செய்யும் ஒரு வேலையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்று இசியு கியர்பாக்ஸ் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வரம்பைத் தாண்டினால் கியர்பாக்ஸ் "குறை" என்று திருப்பிச் சொல்லும். அதைத் தவிர்க்க, 400 என்எம் வரும்போது 340 என்று சொல்லும்படி எழுதிவிடுவார்கள். கியர்பாக்ஸும் 340-க்குப் போதுமான அழுத்தத்தில்தான் கிளட்சைப் பிடிக்கும். மிச்சம் 60 கிளட்ச் தகட்டில் உராய்ந்து சூடாகப் போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் எஞ்சின் மேப்போடு டிசியு (கியர்பாக்ஸ் கணினி) மேப்பும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும்.

மேனுவல் காரில் சோதனை சுலபம். யாருமில்லாத நேர்ச் சாலையில் நான்காவதிலோ ஐந்தாவதிலோ 2,000 ஆர்பிஎம்மில் இருந்து முழுவதுமாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, ஸ்பீடோமீட்டர் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இது ரீமேப்புக்கு முன்னாலேயே நடந்தால், புது கிளட்சின் விலையையும் ரீமேப் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். தனித்தனிக் கியர்கள் இல்லாமல் பட்டையில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிடலாம்.

### சூடும் எரிபொருளும்

பெட்ரோல் எஞ்சினில் கூடுதல் சக்தியின் ஒரு பகுதி தீப்பொறியை முன்னால் தள்ளுவதில், அதாவது சற்று முன்கூட்டியே பற்றவைப்பதில் இருந்து வருகிறது. அதற்கு ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், பெட்ரோலில் கூடுதலாக வேண்டும். 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றினால் கார் நின்றுவிடாது. நாக் சென்சார் கண்டுபிடித்து இசியு தீப்பொறியைப் பின்னால் இழுக்கும். சக்தி குறையும், தாமதமாக எரிவதால் எக்ஸாஸ்ட் வெப்பம் கூடும், டர்போவும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டும் அதைச் சுமக்கும். நீங்கள் எப்போதும் போகும் பெட்ரோல் பங்க்கில் என்ன ஆக்டேன் கிடைக்கிறதோ அதற்குத்தான் மேப் எழுத வேண்டும். எப்போதாவது கிடைப்பதற்கு எழுதக் கூடாது.

டீசலில் நாக்கிங் கவலை கிடையாது. அங்கே வரம்பு போடுவது புகையும் எக்ஸாஸ்ட் வெப்பமும்தான். காற்றுக்கு மீறி டீசலை அள்ளிக் கொட்டும் மேப் கரும்புகை கக்கும், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் சீக்கிரம் அடைபடும், அதைச் சுத்தப்படுத்த எஞ்சின் அடிக்கடி தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும்.

உயரமான இடங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சிறிய டர்போக்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டுபவை. நல்ல மேப் உயரத்துக்கேற்ப அழுத்தத்தைக் குறைக்கும் அட்டவணையைக் கலைக்காது.

### தடயமும் வாரண்டியும்

"ஒரிஜினல் ஃபைலைத் திருப்பி ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது" என்பது பழைய கதை. எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இசியுக்கள் தாமாகவே வைத்திருக்கின்றன. மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணும் கம்பெனி சர்வரில் இருப்பதோடு ஒப்பிடப்படும். போக்ஸ்வேகன், ஆடி சர்வீஸில் பொருந்தாத கார் பிடிபட்டால் டிடி1 என்ற குறி அந்தக் காரின் பெயரில் ஏறிவிடும். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் சார்ந்த வாரண்டி கேட்டுப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

புதிய கார்களில் கதவே இறுகிவிட்டது. 2020 வாக்கில் இருந்து பல பிஎம்டபிள்யூ இசியுக்கள் பூட்டப்பட்டே வருகின்றன. காரில் உள்ள ஓபிடி என்ற சோதனை இணைப்பு வழியாக எழுத முடியாமல் இசியுவைக் கழற்றி நிபுணரிடம் அனுப்பித் திறக்க வேண்டியிருக்கிறது. ஐநாவின் ஆர்155 சைபர் பாதுகாப்பு விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புதிய ரகங்களுக்கும், 2024 ஜூலையில் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. புதுக் காருக்கு ரீமேப் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை: சக்தி கூட்டியதைச் சொல்லாமல் விட்டால், விபத்து கிளைம் நாளில் அது உங்களுக்கு எதிராக நிற்கும். சொன்னால் பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் ஏற்காமலும் போகலாம். உங்கள் ஊர் விதியில் இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

## வழிகள்

### 1. அப்படியே விடுவது

சோம்பேறி வழி மாதிரித் தெரியும். ஆனால் நிறையப் பேர் ரீமேப் செய்ய நினைப்பதே கார் முன்பு போல இழுக்கவில்லை என்பதால்தான். இன்டர்கூலர் குழாயில் சின்னக் கசிவு, தேய்ந்த ஸ்பார்க் பிளக், நேரடி ஊசி எஞ்சினில் இன்டேக் வால்வில் படியும் கரி, அடைத்த ஏர் ஃபில்டர் என்று எதுவும் இருக்கலாம். இவற்றைச் சரிசெய்தால் கம்பெனி கொடுத்த சக்தி திரும்ப வரும், அதோடு பலருக்கு ஆசையும் தணிந்துவிடும். இவற்றைப் பார்க்காமல் ரீமேப் செய்வது கசிவின் மேலேயே அழுத்தத்தை ஏற்றுவதாகும்.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் கார், உலர் கிளட்ச் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், சிவிடி, சர்வீஸ் வரலாறு தெரியாத பழைய கார், ஒரு வருஷத்துக்குள் விற்கப்போகும் கார்: இவற்றுக்கெல்லாம் இதுவே சரி.

### 2. டியூனிங் பாக்ஸ்

பாக்ஸ் இசியுவைத் தொடாது. டர்போ அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையில் 1.3 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும்போது 1.1 என்று பொய் சொல்லும். இசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். டீசலில் எரிபொருள் தேங்கும் காமன் ரெயில் குழாயின் அழுத்தத்திலும் இதே வித்தைதான். பத்து நிமிடத்தில் மாட்டலாம், பத்து நிமிடத்தில் கழற்றலாம், அடுத்த காருக்கும் எடுத்துப் போகலாம். விற்பனைக்கு இதைவிட நல்ல வாசகம் தேவையா?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இசியுவின் பாதுகாப்புக் கணக்குகள் எல்லாம் அந்த சென்சாரை நம்பித்தான் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு, கியர்பாக்ஸுக்குச் சொல்லும் டார்க், டர்போ வேகத்தின் வரம்பு என்று எல்லாமே பொய்க் கணக்கில் ஓடும். நல்ல பாக்ஸ்கள் பல சென்சார்களைச் சேர்த்துப் பார்த்து இதைக் கொஞ்சம் சமாளிக்கும். மலிவானவற்றைத் திறந்தால் ஒன்றிரண்டு மின்தடைகள்தான் இருக்கும். தடயம் இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. அழுத்தம் எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை என்ற பிழைக்குறிகளும், இசியு தானாகக் கற்றுச் சரிசெய்துகொள்ளும் அடாப்டேஷன் மதிப்புகள் விலகிப்போனதும் இசியுவில் தங்கிவிடலாம்.

இசியு பூட்டப்பட்டு வேறு வழியே இல்லாத புதிய டீசல் காரில், பெயர் பெற்ற பாக்ஸை அதன் மிகக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுவதை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் இதற்காகப் பரிந்து பேச என்னிடம் எதுவும் இல்லை.

போகிற போக்கில் ஒன்று: பெடல் பாக்ஸ் என்று ஒன்று விற்கிறது. அது ஒரு எச்பி கூடக் கூட்டாது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் "பிக்கப் சோம்பலாக இருக்கிறது" என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், முதலில் காரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்போர்ட் மோடைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கிறது, இலவசமாக.

### 3. ஸ்டேஜ் 1, ரெடிமேட் ஃபைல்

எந்த உதிரிபாகத்தையும் மாற்றாமல், பெயர் பெற்ற டியூனிங் நிறுவனம் அந்த எஞ்சினுக்காகத் தயாரித்து வைத்திருக்கும் ஃபைலை ஏற்றுவது. பலரும் ஓட்டும் எஞ்சின் என்றால் அந்த ஃபைல் ஏற்கெனவே நிறையக் கார்களில் ஓடிப் பார்த்த ஒன்றாக இருக்கும். இதன் பெரிய பலம் அதுதான். 220 பிஎஸ் உள்ள கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் 290-க்கு அருகில் கூட இப்படிக் கொண்டுவருகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் தொடங்கும். எண்ணெய் மாற்றும் இடைவெளி 15,000 கிலோமீட்டர் என்றால் அதைப் பத்தாயிரத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஸ்பார்க் பிளக்கைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். அழுத்தம் கூடும்போது தீப்பொறி அணையாமல் இருக்க இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பதும் உண்டு. எப்போதும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தால் அது மாதச் செலவு. முன்சக்கர இழுவைக் கார் என்றால் முன் டயர் வேகமாகத் தேயும். இவை போக, சர்வீஸ் சென்டர் மென்பொருளைப் புதுப்பித்தால் உங்கள் மேப் அழிந்துபோகும். திரும்ப ஏற்றிக் கொடுப்பது இலவசமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பி இதைச் செய்யாதீர்கள். டீசலில் அதே மாதிரி மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் தேறலாம். ஆனால் இழுவையைக் காசு கொடுத்து வாங்கியவர் மெதுவாக ஓட்டுவதில்லை.

வாரண்டி முடிந்த, நன்றாகப் பராமரித்த, கியர்பாக்ஸில் இடம் உள்ள காருக்கு என் முதல் தேர்வு இது. அதிலும் டியூனர் இரண்டு மூன்று அளவுகள் வைத்திருந்தால் நடு அளவைக் கேளுங்கள்.

### 4. டைனோவில் உங்கள் காருக்கென்று எழுதுவது

காரைச் சக்தி அளக்கும் டைனோ கருவியின் உருளைகளில் ஏற்றி, ஓடவிட்டு, லாக் எனப்படும் ஓட்டப் பதிவைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓடவிட்டு எழுதுவது. நாள் முழுக்க ஆகலாம், விலையும் ரெடிமேட் ஃபைலைவிடக் கூட. உங்கள் ஊர் பெட்ரோல், உங்கள் ஊர் வெயில், உங்கள் கிளட்சின் நிலை ஆகியவற்றுக்கேற்ப டார்க்கை வடிவமைக்க முடியும் என்பதுதான் இதன் பலன். "3,000-க்குக் கீழே 320 என்எம்முக்கு மேல் வேண்டாம்" என்று நீங்களே கேட்டு வாங்கலாம்.

ஆனால் டைனோ வைத்திருப்பவர் எல்லோரும் டியூனர் ஆகிவிட மாட்டார். ரெடிமேட் ஃபைலையே ஏற்றிவிட்டு டைனோவில் இரண்டு முறை ஓட்டிக் காட்டி கஸ்டம் விலை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதிகம் புழங்காத எஞ்சின், மாற்று உதிரிபாகங்கள் போட்ட கார், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் மட்டுமே கிடைக்கும் ஊர்: இந்த மூன்றுக்கும் ரெடிமேட் ஃபைலைவிட இது மேல். மற்றவர்களுக்குக் கூடுதல் செலவு அவ்வளவாக நியாயப்படாது.

### 5. ஸ்டேஜ் 2-உம் அதற்கு மேலும்

ஸ்டேஜ் என்பதற்குப் பொது வரையறை கிடையாது; ஒருவரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 1 பிளஸ். பொதுவாக டவுன்பைப் (டர்போவுக்குப் பின்னால் வரும், கேட்டலிஸ்ட் உள்ள எக்ஸாஸ்ட் குழாய்), பெரிய இன்டர்கூலர், இன்டேக் ஆகியவற்றை மாற்றி அதற்கேற்ற மேப்பை ஏற்றுவார்கள். இவற்றில் இன்டர்கூலர் ஒன்றைத்தான் நான் தனியாகவும் பரிந்துரைப்பேன். மூன்றாவது முறை முழு வேகத்தில் இழுக்கும்போது முதல் முறை இருந்த சக்தி இருக்க வேண்டும் என்றால் அது உதவும்.

டவுன்பைப்பில்தான் சிக்கல். கேட்டலிஸ்ட்டைக் குறைத்தாலோ எடுத்தாலோ புகைச் சோதனையில் மாட்டும், பல நாடுகளில் சாலைக் காருக்கு அது சட்ட விரோதம். டீசலில் டிபிஎஃப்-ஐயும், எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர்-ஐயும் எடுப்பதும் அப்படியே. அதைச் செய்து தருகிறேன் என்பவரிடம் மற்ற வேலையையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம் சங்கிலித் தொடர் ஒன்று ஆரம்பிக்கும். சக்தி கூடியதால் கிளட்ச், கிளட்ச் மாற்றியதும் எஞ்சின் மவுன்ட், வேகம் கூடியதால் பிரேக், உயர் அழுத்த எரிபொருள் பம்ப் போதவில்லை என்றால் அது. இரண்டாவது காராக, ரேஸ் டிராக்குக்குப் போக வைத்திருப்பவர்களுக்கு இதுவே பொழுதுபோக்கு, செலவைப் பற்றிக் கவலை இல்லை. காலையில் ஆபீஸ் போக ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு வேண்டாம்.

### 6. விற்றுவிட்டு மேல் மாடல் வாங்குவது

ஸ்டேஜ் 2 வரை ஆசைப்படுபவர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய வழி இது. மேப், கிளட்ச், இன்டர்கூலர், பிரேக், டயர், இன்சூரன்ஸ் கூடுதல் எல்லாவற்றையும் கூட்டி, பழைய காருக்கும் மேல் மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். வாரண்டியும் கையில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | கிடைப்பது | மறைந்திருக்கும் செலவு | பழைய நிலைக்குத் திரும்புவது | பொருந்தும் கார் |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | இழந்த சக்தி மட்டும் | பராமரிப்பு | தேவையில்லை | வாரண்டி உள்ளது, உலர் கிளட்ச், சிவிடி |
| டியூனிங் பாக்ஸ் | நடுத்தர ஏற்றம் | பாதுகாப்புக் கணக்குகள் தவறுவது | உடனே கழற்றலாம், தடயம் மிஞ்சலாம் | இசியு பூட்டிய புது டீசல் |
| ஸ்டேஜ் 1 ரெடிமேட் | 20–30 சதவீதம் | எண்ணெய், பிளக், பெட்ரோல், டிசியு மேப் | ஃபைலைத் திருப்பி ஏற்றலாம், தடயம் இருக்கும் | வாரண்டி முடிந்தது, பரவலான எஞ்சின் |
| டைனோ கஸ்டம் | அதே அளவு, நல்ல வடிவம் | மேலே உள்ளவையும் டைனோ நேரமும் | அதே | அரிதான எஞ்சின், குறைந்த ஆக்டேன் |
| ஸ்டேஜ் 2 | இன்னும் அதிகம் | கிளட்ச், பிரேக், புகைச் சோதனை | கடினம், பழைய பாகங்கள் வேண்டும் | இரண்டாவது கார், டிராக் |
| மேல் மாடல் | கம்பெனி கொடுப்பது | விலை வித்தியாசம் | பொருந்தாது | ஸ்டேஜ் 2 ஆசை உள்ள ஒற்றைக் கார் |

## டியூனரிடம் போகும் முன், போன பின்

டைனோ தாளைக் காட்டினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே கியரில், ஒரே டைனோவில் ஓட்டியதா? தாளில் உள்ள சக்தி அளவு சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்குக் கணக்கிட்டதா? வெப்பத் திருத்தக் காரணி இரண்டு ஓட்டத்திலும் ஒன்றா? இவை மாறினால் மேப்பைத் தொடாமலே பத்துப் பதினைந்து எச்பி "ஏறும்".

தாளைவிட லாக் முக்கியம். மூன்றாவது கியரில் 2,000-ல் இருந்து 6,000 வரை முழு மிதியில் ஒரு இழுப்பு, அதன் பதிவைக் கேளுங்கள். எக்செல் மாதிரி எண்களாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கேட்ட டர்போ அழுத்தம் 1.45 பார், வந்தது 1.42 என்று அருகருகே போனால் நல்லது. கேட்டது 1.5, வந்தது 1.25, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வேஸ்ட்கேட் வால்வு முழுக்க மூடியே இருக்கிறது என்றால் டர்போ மூச்சுத் திணறுகிறது அல்லது எங்கோ கசிவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி பின்னால் இழுக்கப்பட்ட அளவு தனியாக இருக்கும்: மூன்று சிலிண்டரில் பூஜ்யம், ஒன்றில் ஒரு டிகிரி என்றால் சாதாரணம். நான்கிலும் நான்கு ஐந்து டிகிரி என்றால் பெட்ரோலுக்கு மீறி எழுதியிருக்கிறார்கள், திருத்தச் சொல்லுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம் முதல் இழுப்பில் 40 டிகிரியில் இருந்து 50-க்குப் போவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது இழுப்பில் 70-ஐத் தாண்டினால் மேப்பைக் கூட்டுவதற்கு முன் இன்டர்கூலரைப் பற்றிப் பேச வேண்டும். எரிபொருள் ரெயில் அழுத்தம் 200 பார் கேட்டு 160-க்குச் சரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

லாக் தர மறுப்பவரிடம், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்பவரிடம், காரை விட வேண்டாம்.

கொடுப்பதற்கு முன்னால் காரின் பிழைக்குறிகளைப் படித்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எது ரீமேப்பால் வந்தது, எது முன்னாலேயே இருந்தது என்ற சண்டை வராது. ஒரிஜினல் ஃபைலை இசியுவில் இருந்தே படித்து எடுத்தாரா, இல்லை அதே மாடலின் வேறொரு காருடையதை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். படித்து எடுத்தது என்றால் அதன் நகல் உங்கள் பென் டிரைவிலும் இருக்கட்டும். பேட்டரி சார்ஜர் மாட்டாமல் இசியுவில் எழுதத் தொடங்குபவரைக் கண்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் கார் அங்கேயே நின்றுவிடும்.